கை வலியைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்

வட மாவட்டம் ஒன்றிலிருந்து 36 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். கணவருக்கு 42 வயது. ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். சென்ற ஆண்டு ஒருநாள் கல்லில் கை பட்டு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. முதுகிலும் தொடையிலும் வெளிறிய தேமல்கள் முன்பே இருந்திருக்கின்றன. அரிக்கவில்லை, வலிக்கவில்லை, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டுத் தொழுநோய் என்று சொல்லி, 12 மாதத்துக்கு மாத்திரை அட்டை சாப்பிட வேண்டும் என்றார்கள். நான்கு அட்டை முடிந்திருக்கிறது.

விஷயம் முதலாளி காதுக்குப் போக, “உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று அவரை அனுப்பிவிட்டார். மாமியார் மகனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் கொடுத்துத் திண்ணையில் படுக்க வைத்திருக்கிறார். எப்போதோ பாம்பை அடித்த பாவம் என்று பரிகாரமும் தேடுகிறார். வாசகியின் அண்ணனோ, “பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, இந்த வியாதிக்குக் கோர்ட்டில் உடனே விவாகரத்து கொடுப்பார்கள்” என்கிறார். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. பிள்ளைகளுக்கு ஒட்டுமா, இது பரம்பரையாக வருமா, நாளைக்குப் பெண்ணை யார் கட்டுவார்கள், நான் இருப்பதா போவதா என்பவை கேள்விகள். “அவர் யாரிடமும் பேசுவதில்லை, நான் ஒழிந்தால் பெண்ணுக்காவது நல்லது நடக்கும் என்று ஒருநாள் சொன்னார்” என்றும் எழுதியிருக்கிறார்.

கடிதம் முடிகிற இடத்தில், போகிற போக்கில் இன்னொன்று: மாத்திரையால் உடம்பு கறுத்து, சிறுநீர் சிவப்பாகப் போனதால் மூன்று வாரமாக அதை நிறுத்திவிட்டார். பத்து நாளாகப் பழைய தேமல்கள் சிவந்து தடித்திருக்கின்றன. வலது முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை இழுத்து இழுத்து வலிக்கிறது. “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. தெரிந்தவர் ஒரு சூரணம் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா?”

சகோதரி, எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வரிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். விவாகரத்தும் பெண்ணின் கல்யாணமும் பொறுக்கும். அந்தக் கை பொறுக்காது.

முதலில் கை, இன்றைக்கே

உங்கள் கணவருக்கு வந்திருப்பது பெரும்பாலும் மருந்து ஒவ்வாமை இல்லை. நோய் முற்றியதும் இல்லை. இந்தக் கிருமி தோலிலும் நரம்பிலும் குடியிருப்பது. பல வருடம் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்த உடலின் எதிர்ப்புச் சக்தி திடீரென்று விழித்துக்கொண்டு கிருமி இருக்கும் இடத்திலெல்லாம் பாய்கிறது. அதனால் தேமல் சிவக்கிறது, நரம்பு வீங்குகிறது. இதை ‘ரியாக்ஷன்’ என்போம். சிகிச்சைக்கு முன்பும் வரலாம், நடுவிலும் வரலாம், மாத்திரை முடிந்த பிறகும் வரலாம். தோலில் வருவது போய்விடும். நரம்பில் வருவதுதான் வினை.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கும் அல்லவா, அந்த நரம்புதான் இப்போது வீங்கியிருக்கிறது என்று உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன். எலும்புக்கும் தோலுக்கும் இடையே குறுகலான இடத்தில் ஓடுகிற நரம்பு அது. வீங்கினால் நசுங்கும். நசுங்கியே கிடந்தால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கத் தொடங்கும். நீட்ட முடியாது. ஊரில் பார்க்கிற மடங்கிய கைகளில் பல இப்படி உரிய நேரத்தில் கவனிக்காமல் விட்டவைதான்.

மருந்து இருக்கிறது. பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நல்ல அளவில் தொடங்கி, சில மாதங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நரம்பு பாதித்து ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் உணர்ச்சியும் வலுவும் திரும்ப வாய்ப்பு உண்டு. சீக்கிரம் போகப் போக வாய்ப்பு கூடும். அவருக்கு வலி தொடங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

போகும்போது மீதமுள்ள மாத்திரை அட்டைகளையும் சிகிச்சைக் கார்டையும் எடுத்துப் போங்கள். “முழங்கை நரம்பு வலிக்கிறது, விரல்களில் பலம் குறைகிறதா என்று சோதித்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். சாதாரண அலர்ஜி என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். மாவட்ட அளவில் தொழுநோய்க்கென்று துணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. அங்கே அல்லது அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அரசின் சுகாதார உதவி எண்ணான 104-லும் வழி சொல்வார்கள். ஸ்டீராய்டை மட்டும் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் உண்டா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டிய மருந்து அது. வலி போனதும் சட்டென்று நிறுத்தக் கூடாத மருந்தும்கூட.

சூரணம் வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் நான் வேறு பதில் சொல்ல முடியாது.

இனி நிறுத்திய மாத்திரை. சிறுநீர் சிவந்தது ரிஃபாம்பிசினால். ரத்தம் இல்லை, அந்த மருந்தின் நிறம்தான் அது. மாதத்துக்கு ஒருமுறை சாப்பிடும் அந்தப் பெரிய மாத்திரைக்குப் பிறகு ஓரிரு நாள் இருக்கும். உடம்பு கறுப்பது குளோஃபசிமினால். அழகாக இல்லைதான். வெளியே தலைகாட்ட அவர் கூசுவது எனக்குப் புரிகிறது. ஆனால் சிகிச்சை முடிந்த சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடத்தில், நிறம் பழையபடி வந்துவிடும். அதைத் தொடங்கும் அன்றே அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடுவது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கிற தவறு. மூன்றாவது மாத்திரையான டாப்சோனால் சிலருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள், காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் கண் மஞ்சளும் வரும். அப்படி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஓட வேண்டும். மற்றபடி ரியாக்ஷன் இருக்கும்போதும் அட்டையைத் தொடர வேண்டும், இரண்டும் சேர்ந்தே போகும். மூன்று வாரம் விட்டுப்போனதற்காக எல்லாம் வீணாகிவிடவில்லை. 12 அட்டையை 18 மாதத்துக்குள் முடித்தால் கணக்கு சரி. மீண்டும் தொடங்குவதைச் சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

தனித் தட்டும் திண்ணையும்

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் தலைமுறை பார்த்த தொழுநோய் வேறு. 1898-ல் வெள்ளைக்காரர் போட்ட சட்டம், பிச்சையெடுக்கும் தொழுநோயாளிகளைப் பிடித்து விடுதியில் அடைக்கச் சொன்னது. அது 2016-ல்தான் முழுதாக நீக்கப்பட்டது. டாப்சோன் மட்டும் இருந்த காலத்தில் பல ஆண்டுகள், சிலர் வாழ்நாள் முழுவதும், மருந்து சாப்பிட்டார்கள். கடைசியில் கிருமி அதற்கும் பழகிவிட்டது. மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1980-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்பு வளர்ந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த குடிசைதான் நினைவில் இருக்கும். 2005-ல் ‘ஒழித்துவிட்டோம்’ என்று அறிவிப்பு வந்ததும் பலர் இந்த நோயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அதன் பொருள். இன்றும் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் உங்கள் வீட்டுக்கு மட்டும் ஏதோ சாபம் வந்ததாக நினைக்க வேண்டாம். பரிகாரம் செய்தால்தான் மாமியாருக்கு மனம் ஆறும் என்றால் செய்துகொள்ளட்டும், செலவு கையைக் கடிக்காத வரை. மாத்திரைக்குப் பதிலாக என்று மட்டும் ஆகிவிடக் கூடாது.

இப்போது தட்டு. தொழுநோய் தட்டிலும் டம்ளரிலும் துணியிலும் ஒட்டாது. தொட்டால் ஒட்டாது. சிகிச்சை எடுக்காத ஒருவரின் மூக்கு, தொண்டையிலிருந்து வெளிவரும் துளிகள் மூலம், அதுவும் நீண்ட காலம் நெருங்கி வாழ்ந்தால்தான் பரவும். அப்படிப் பரவினாலும் நூற்றில் 95 பேருக்கு மேல் இயற்கையாகவே எதிர்ப்பு இருப்பதால் நோய் வருவதில்லை. முதல் வேளை ரிஃபாம்பிசின் உள்ளே போன சில நாட்களிலேயே பரப்பும் தன்மை போய்விடுகிறது. அவர் நான்கு அட்டை முடித்தவர். திண்ணையில் படுக்க வைத்ததால் வீட்டில் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் கூடவில்லை. அவரை உள்ளே கூப்பிடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? டம்ளரைத் தனியாக வைத்தார்கள். அந்த டம்ளரில் கொதிக்கிற டீயை ஊற்றி, மரத்துப்போன கையில் கொடுக்கக் கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

விரல் உதிர்ந்து விழும் நோய் இது என்ற நம்பிக்கையை ஆராய்ந்து மாற்றியவர்களில் முக்கியமானவர் நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்தவர். கிருமி விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் புண்ணோடு நடந்தும் மனிதர்கள் விரலை இழக்கிறார்கள் என்பதை அவரும் உடனிருந்தவர்களும் நோயாளிகளின் அன்றாடத்தைப் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்னார்கள். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நீட்டும் அறுவைச் சிகிச்சையும் 1940-களின் இறுதியில் அவர் வேலூரில் தொடங்கியதுதான். இன்றும் அரசு உதவியோடு அது இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் கணவருக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

அதனால் தினமும் இரவில் ஒரு ஐந்து நிமிடம் அவர் கைகால்களை வெளிச்சத்தில் பாருங்கள். சூட்டுக்காயம், கொப்புளம், வெடிப்பு, முள் எதுவாவது இருக்கிறதா? பாதம் மரத்திருந்தால் சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். மரத்த பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பை அரசு மையங்களில் இலவசமாகத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். கண்ணை முழுதாக மூட முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்துணி இல்லாமல் அடுப்பில் எதையும் தொட வேண்டாம்.

பிள்ளைகள்

இது பரம்பரை நோய் இல்லை. உங்கள் மகளுக்கோ அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கோ ரத்தத்தில் இறங்கி வராது. ஆனால் ‘பயமே வேண்டாம்’ என்று சொல்லி முடித்துவிடவும் மாட்டேன். கண்டுபிடிப்பதற்கு முந்தைய வருடங்களில் நீங்கள் எல்லோரும் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். எனவே நீங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார் நான்கு பேரும் உடம்பு முழுவதும் தேமல் சோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் இல்லை என்றால் வயதுக்கும் எடைக்கும் ஏற்ப ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தடுப்பு மருந்தாகக் கொடுப்பார்கள். வங்கதேசத்தில் செய்த பெரிய ஆய்வில் முதல் இரண்டு வருடத்தில் நோய் வருவதைப் பாதிக்கும் மேல் இது குறைத்தது. நூறு சதவீதம் இல்லை, அதனால் வருடத்துக்கு ஒருமுறை தோலைப் பார்ப்பதைச் சில ஆண்டுகள் விடாதீர்கள். நீங்கள் கருவுற்றிருந்தாலோ யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மகளின் கல்யாணத்தைப் பற்றி ஒரு டாக்டராக நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அவளுக்கு 13 வயது. அவள் படித்து முடிக்கும்போது அவள் அப்பா குணமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். மாத்திரை ஒரு வருடத்தில் முடியும், ஊர் வாய் அப்படி முடியாது என்பதும் உண்மைதான். யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்ல வேண்டாம் என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். சொந்தக்காரர்களிடம் அறிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது அக்கம்பக்கம் கேட்காமல் பேசச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. மகளிடம் மட்டும் மறைக்க வேண்டாம். திண்ணையில் அப்பா ஏன் படுத்திருக்கிறார் என்று அவளாக ஒரு கதை கட்டிக்கொண்டிருப்பாள், அது உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

வேலை

முதலாளி செய்தது நியாயம் இல்லை. ஆனால் இதில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மரத்த கையோடு பரோட்டா கல்லின் முன்னால் நிற்பது அவருக்குத்தான் ஆபத்து. வாடிக்கையாளருக்கு இல்லை. கையின் உணர்ச்சி திரும்பும் வரை கல்லடி வேலை வேண்டாம் என்றே நானும் சொல்வேன். கல்லா, பார்சல், சப்ளை, சரக்கு வாங்குவது எதையும் அவர் தாராளமாகச் செய்யலாம். ‘இவரால் நோய் பரவாது’ என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு முதலாளியிடம் நேரில் போய்ப் பேசிப் பாருங்கள். சின்ன ஓட்டலின் மேல் வழக்குப் போட்டு ஜெயிப்பது எளிதல்ல, உங்கள் பணமும் தெம்பும் இப்போது வேறு இடத்தில் தேவை.

ஒருவேளை கையில் பாதிப்பு நிலைத்துவிட்டால், 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்குத் தனி இடம் உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அரசு வேலை இட ஒதுக்கீட்டில் அவர்களும் வருவார்கள். தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இப்போதே அதற்கு ஓட வேண்டாம், சிகிச்சை என்ன பலன் தருகிறது என்று பார்த்த பிறகு போதும்.

அண்ணன் சொல்லும் விவாகரத்து

அண்ணன் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கான காரணமாகவே எழுதப்பட்டிருந்தது. கிறிஸ்தவ, முஸ்லிம் திருமணச் சட்டங்களிலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்தது. 2019-ல் நாடாளுமன்றம் இந்தச் சட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் அதை நீக்கிவிட்டது. இன்றைக்கு ‘கணவனுக்குத் தொழுநோய்’ என்று மட்டும் சொல்லி மனு போட்டால் நிற்காது. ‘உடனே கிடைக்கும்’ என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் வக்கீல் இல்லை. சட்டத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள் அல்லது 15100 எண்ணில் பேசுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே ஆலோசனை இலவசம்.

இருப்பதா போவதா என்பதை நான் முடிவு செய்ய முடியாது. அடி, குடி, அவமானம் என்று வேறு ஏதாவது இருந்து, நோய் ஒரு சாக்காக வந்திருந்தால் அது தனிக் கதை, அதை மறைக்காமல் இன்னொரு கடிதத்தில் எழுதுங்கள். அப்படி எதுவும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. “நல்ல மனுஷன்” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நோய்க்குப் பயந்து மட்டும் போவதாக இருந்தால், அந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

“நான் ஒழிந்தால்” என்று அவர் சொன்னதை விரக்திப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஸ்டீராய்டு சிலருக்குத் தூக்கத்தையும் மனநிலையையும் கலைக்கும் என்பதால், இந்தப் பேச்சை மருந்து எழுதுகிறவரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அண்ணனையும் துணைக்குக் கூப்பிடுங்கள். அவருக்கு இருக்கிற சந்தேகங்களை அங்கே டாக்டரிடமே கேட்கட்டும். வலி எப்படி இருக்கிறது, சுண்டுவிரலையும் மோதிர விரலையும் நேராக நீட்ட முடிகிறதா, அந்த இரண்டு விரலுக்கு நடுவே வைத்த காகிதத்தை நீங்கள் இழுத்தால் அவரால் பிடித்து நிறுத்த முடிகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.